சிவப்பு ஸ்பைடரும் மூன்று வரித் திருத்தமும்

ஜனவரி 22, 2025, புதன்

வீராணம் ஏரி நிரம்பிய செய்திக்காக லால்பேட்டை போனேன். கரையில் படம் எடுத்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டின் கேட்டைத் தட்டினேன். ஜவுளிக்கடை அஸ்மத்தின் வீடு. அவர் சொம்போடு வருவதற்குள் என் பார்வை பக்கவாட்டு ஷெட்டுக்குள் போய்விட்டது.

ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர். இத்தாலி வண்டி, 1978. இரண்டே இருக்கை, துணிக்கூரை, இடப்பக்கம் ஸ்டியரிங். நிறம் நல்ல கோவைப்பழச் சிவப்பு.

அஸ்மத்தின் அத்தா உபைதுல்லா குவைத்தில் ஓர் இத்தாலியரிடம் டிரைவராக இருந்தவர். ஊர் திரும்பும்போது முதலாளியிடமே வாங்கிக் கப்பலில் ஏற்றி வந்திருக்கிறார். தகப்பனார் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அஸ்மத் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஒருமுறை கிளப்பி, ஏரிக்கரை வரை ஓட்டி, திரும்ப நிறுத்துகிறார். கடையையும் பார்த்துக்கொண்டு இதையும் பார்க்க முடியவில்லை, விற்றுவிடலாம் என்று இருப்பதாகச் சொன்னார்.

"சும்மா உக்காந்து பாருங்க சார்."

உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்க மறந்து வந்துவிட்டேன்.

சாயங்காலம் செய்தியில் ஏரியின் நீர்மட்டத்தைத் தப்பாக அடித்து, அனுப்பும் முன் கவனித்துத் திருத்தினேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து எண்ணில் தடுமாறியது கிடையாது.

ஜனவரி 24

என் மனைவி வினோதினி கார் ஷோரூம் புத்தகத்தை மறுபடியும் எடுத்து வைத்திருந்தாள். வெள்ளை நிறம், நான்கு கதவு, ஏ.சி. அடுத்த வருடம் நான் ஓய்வு பெறுவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று இருவருமாகச் சேர்த்த பணம் அதற்குத்தான். நல்ல வண்டி. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

லால்பேட்டை விஷயம் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

இளவரசுவை அழைத்துக்கொண்டு போனேன். வினோதினியின் தம்பி. குடிகாட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். சிப்காட் கம்பெனி வண்டிகள் எல்லாம் அவனிடம்தான் வரும். வண்டியின் கோளாறைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் பெட்டியை ஏதோ மாப்பிள்ளை சீர் போலத் தூக்கிக்கொண்டு வந்தான். ஸ்டியரிங்குக்கு அடியில் வெகுநேரம் துழாவினான்.

"மாமா, இத எங்க சொருவறது?"

"சொருவ எடமே கெடையாது தம்பி," என்றார் அஸ்மத். "காத வச்சுதான் கேக்கணும்."

பெட்டியை மூடி வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தான். சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்து வரவில்லை. திரும்பும்போது, என் பைக்கின் பின்சீட்டில் இருந்தபடி தீர்ப்பு சொன்னான். வாங்கக் கூடாது. ஒரு ஸ்குரூ வேண்டுமென்றாலும் இத்தாலியிலிருந்து வரவேண்டும். இரட்டை கார்புரேட்டர், அது இரண்டும் சக்களத்திகள் மாதிரி, ஒன்றைச் சரிசெய்தால் மற்றது முறுக்கிக்கொள்ளும். சரி என்றேன். குமராட்சி தாண்டியதும் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஒருவேள வாங்குனீங்கன்னா எங்கிட்டதான் உடணும் மாமா. வேற எவனாவது கை வச்சான், அக்காகிட்ட போட்டுக் குடுத்துடுவேன்."

பிப்ரவரி 3

யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு ஐம்பத்தேழு வயது. தாழ்வான இருக்கை. உள்ளே போவது சுலபம், வெளியே வர ஷெட்டின் தூணைப் பிடிக்க வேண்டியிருந்தது. மகள் இலக்கியா பெங்களூரிலிருந்து வந்தால் அவளை எங்கே உட்கார வைப்பது? மழைக்கு அந்தத் துணிக்கூரை தாங்குமா? சிதம்பரம் மேல வீதியில் இதை எங்கே நிறுத்துவேன்? எந்தக் கேள்விக்கும் உருப்படியான பதில் இல்லை. ஆனாலும் காலையில் ஷேவ் செய்யும்போது சீட்டியடித்துக்கொண்டிருந்தேனாம். வினோதினிதான் சொன்னாள். என்ன விசேஷம் என்று கேட்டாள்.

வீராணம் நிரம்பிவிட்டது என்றேன்.

உறுதியாகாத செய்தியை வெளியே விடக் கூடாது என்பது தொழில் தர்மம். அவளிடம் சொல்லாமல் இருப்பதற்கு அதைச் சாக்கு ஆக்கிக்கொண்டிருக்கிறேனா?

பிப்ரவரி 11

ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கம் காலி. கடலூர் அலுவலகத்திலிருந்து வைத்திலிங்கம் கூப்பிட்டார், எங்கள் மாவட்டப் பொறுப்பாசிரியர். "ஏதாவது இருக்கா சபாபதி, மனுஷன் படிக்கிற மாதிரி?" என்றார்.

இருக்கிறது என்று வாய் சொல்லிவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

பக்கம் வந்திருக்கிறது. 'வீராணக் கரையில் ஓர் இத்தாலிப் பறவை' என்று தலைப்பு வைத்துவிட்டார்கள், என் தலைப்பு வேறு. மற்றபடி ஒரு சொல்லும் வெட்டவில்லை. குவைத், கப்பல், வெள்ளிக்கிழமை ஓட்டம், விற்கும் யோசனை எல்லாம் இருக்கிறது. பார்த்ததைப் பார்த்தபடியே எழுதினேன். டிரைவர் பக்கத் தரையில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு, எலி கடித்த துணிக்கூரை, எஞ்சின் சூடாகும் வரை முரண்டு பிடிக்கும் இரண்டாவது கியர். நல்லதை மட்டும் எழுதினால் அது விளம்பரமாகிவிடும்.

வினோதினி படித்தாள். "அழகா இருக்குங்க, வண்டியும் எழுத்தும்," என்றாள். சொல்லியிருக்கலாம். அந்த நிமிடம்தான். காப்பி ஆறுகிறது என்று எழுந்து போய்விட்டேன்.

பிப்ரவரி 17

அஸ்மத்தின் போனுக்கு ஓய்வில்லை. கோயம்புத்தூர், சென்னை, கொச்சி. பழைய கார்களைச் சேகரிப்பவர்கள். "சார், உங்க புண்ணியத்துல நம்ம வண்டி எங்கியோ போயிடுச்சு," என்று சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷம் என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஊரைக் கூப்பிட்டுப் பந்தி போட்டது நானே. இப்போது எனக்கு இலை இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

லால்பேட்டையில் வேறு வேலை ஒன்றும் இல்லை. இருந்தும் போனேன். கோயம்புத்தூர்க்காரர் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் என் கட்டுரை, நாலாக மடித்தது. நேராக டிரைவர் பக்கத்துக்குப் போனார், மிதியடியைத் தூக்கினார், டார்ச் அடித்தார். என் வரியைப் படித்தார், தரையைப் பார்த்தார். மறுபடி என் வரி. பிறகு கூரை. பிறகு இரண்டாவது கியர். எழுதியபடியே எல்லாம் இருந்தது.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிப்ரவரி 27

அஸ்மத் கூப்பிட்டார். கோயம்புத்தூர் வேண்டாமாம். சென்னை, கொச்சி இரண்டும் வராமலேயே வேண்டாமாம்.

"தரையில துரு இருக்குன்னு பேப்பர்ல போடணுமா சார்?"

இருந்ததே அஸ்மத், என்றேன்.

"இருந்துச்சு. நீங்க எழுதுனதுல ஒரு பொய் கெடையாது. அதான் கோவமே ஜாஸ்தியா வருது."

எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி, அதை இங்கே மறைக்கத் தேவையில்லை. வண்டி அங்கேயே இருக்கிறது. பிறகு அதையே ஒரு செய்தியாக அடுக்கிப் பார்த்தேன். வாங்க நினைக்கும் ஆள், அந்தச் சரக்கின் குறைகளைப் பத்திரிகையில் எழுதுகிறான். போட்டிக்கு வந்தவர்கள் ஓடுகிறார்கள். வேறு ஒருவன் இதைச் செய்திருந்தால் நான் என்ன தலைப்பு வைத்திருப்பேன்? நன்றாகத் தெரியும் என்ன வைத்திருப்பேன் என்று.

பிப்ரவரி 28

கடலூர் போய் வைத்திலிங்கத்திடம் நேரில் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"யோவ், வாங்கற எண்ணத்த மனசுல வச்சுக்கிட்டா எழுதுன?"

ஆமாம் என்றேன். நல்லவேளை குறையை எழுதினாய், புகழ்ந்து மட்டும் எழுதியிருந்தால் நானே அந்த வண்டியை வாங்கியிருப்பேன் என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, திருத்தம் போட்டே ஆகவேண்டும் என்றார். நானே எழுதிக் கொடுத்தேன். மூன்று வரி. அஸ்மத்துக்கும் போன் செய்து, வாங்கினால் கட்டுரைக்கு முன்னால் சொன்ன அதே விலைக்குத்தான், ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "நோம்பு வருது, முடியட்டும் சார்," என்றார்.

மனசு லேசாக இருந்தது. பஸ்ஸில் ஆலப்பாக்கம் வரை தூங்கினேன். ஏதோ ஒன்றை விட்டுவிட்டேன் என்பது தூக்கத்திலும் தோன்றவில்லை.

மார்ச் 3, திங்கள்

விட்டது இது.

'பிப்ரவரி 16 இதழில் லால்பேட்டை கார் பற்றி எழுதிய எமது செய்தியாளர் சபாபதி, அதே காரை வாங்கும் எண்ணத்தில் உள்ளார். இது கட்டுரையில் குறிப்பிடப்படவில்லை. வருந்துகிறோம்.'

வினோதினி அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஆசிரியர் அறையில் தலைமையாசிரியை சத்தமாக வாசித்திருக்கிறார். எல்லோரும் கைகொடுத்திருக்கிறார்கள். எப்போது ட்ரீட் என்று கேட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, பேப்பரை அந்தப் பக்கம் தெரியும்படி மேஜையில் வைத்தாள். வெள்ளை வண்டியைப் பற்றித்தான் கேட்பாள் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அதைக் கேட்கவில்லை.

"ஊர்ல எந்தச் சேதின்னாலும் எங்கிட்ட சொல்லிட்டுத்தான ஆபீசுக்கு அனுப்புவீங்க. கொல கேஸ் கூட சோத்துக்கு முன்னாடி உக்காந்து சொல்லியிருக்கீங்க. இத மட்டும் நான் பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சுக்கணுமா?"

சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்கே, தண்ணீர் குடிக்காமல் வந்த அன்றைக்கே.

மார்ச் 4

ரசம் இருந்தது. பேச்சு இல்லை.

மார்ச் 6

இலக்கியா போனில்: "அப்பா, அம்மா ஒங்க மேல கோவமா இருக்காங்க. ஆனா அந்தக் காரு என்ன கலருன்னு ரெண்டு வாட்டி கேட்டாங்க. பேப்பர்ல கறுப்பு வெள்ளையில போட்டுட்டாங்களாம்."

மார்ச் 9, ஞாயிறு

காலையில், புடவைக்குப் பின் குத்தியபடியே, "எத்தனை மணிக்குப் போவணும்?" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்த அளவுக்காவது புத்தி இருந்தது.

சாயங்காலம் லால்பேட்டை சேர்ந்தோம். அஸ்மத் சாவியைக் கொடுத்து, நோன்பு திறப்பதற்குள் ஒரு சுற்று போய் வரச் சொன்னார். கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. துரு இருக்கும் இடத்தை வினோதினிக்குக் காட்டி, "இது சார் கண்டுபுடிச்சது," என்றார். வினோதினி ஸ்டியரிங் இல்லாத பக்கம், அதாவது வலப்பக்கம், குனிந்து உள்ளே போனாள். அஸ்மத்தின் அம்மா வாசலுக்கு வந்தார்.

"அந்த எடத்துல நான்தாம்மா உக்காருவேன். முன்னால பஸ்ஸோ வண்டியோ போச்சுன்னா அவருக்கு எதுக்க வர்றது தெரியாது. நான் வாங்கன்னா ஏறுவாரு. இருங்கன்னா நிப்பாரு. கண்ண மட்டும் மூடிக்காத."

முன்னே போகும் வண்டியைத் தாண்டும்போது இடப்பக்கம் இருப்பவனுக்கு ரோடு தெரியாது என்பதை, அந்த வண்டியைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதிய எனக்கு, அதுவரை தோன்றவில்லை.

ஏரிக்கரைச் சாலை. கூரையை இறக்கியிருந்தோம். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல். எஞ்சின் சத்தம் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட்டுக்குத் தயாராகிறவரைப் போல இருந்தது. முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு போனது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வைக்கோல்.

வினோதினி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "இருங்க." ஒரு மினி பஸ் போனது. "இருங்க, இருங்க." இரண்டு பைக். பிறகு, வகுப்பில் விடை சொல்லும் குரலில், "வாங்க."

போனேன். எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாமல், அவள் சொன்ன ஒரு சொல்லை நம்பி, முழு வண்டியையும் வலப்பக்கம் ஏற்றினேன். சாலை காலியாக இருந்தது. அவள் சிரித்தாள். வாய்விட்டு, முந்தானை முகத்தில் அடிக்க அடிக்கச் சிரித்தாள். வைக்கோல் துரும்பு இருவர் தலையிலும் இருந்தது. தாண்டுவதற்கு வேறு டிராக்டர் கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டே போனோம். இன்னும் இரண்டு கிடைத்தன.

திரும்பி வந்ததும் நோன்புக் கஞ்சி கொடுத்தார்கள். வினோதினி இரண்டாவது கிண்ணம் வாங்கிக்கொண்டாள். என் பக்கம் திரும்பாமல் கஞ்சியைப் பார்த்தே சொன்னாள்.

"அந்த வெள்ளை வண்டியில நான் சும்மா உக்காந்துக்கிட்டுதான் வரணும். இதுல எனக்கு வேல இருக்குது."

பஸ் ஸ்டாப்பில் நிபந்தனையும் வந்தது. அவளுக்குத் தெரியாமல் இந்த வண்டிக்கு ஒரு நட்டு கூட வாங்கக் கூடாது.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெருநாள் முடிந்து, ராகுகாலத்துக்கு முன்பாக வண்டியை எடுத்தோம். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள் வினோதினி. அஸ்மத்தின் அம்மா துஆ ஓதினார். அஸ்மத் கேட் வரை பின்னாலேயே நடந்து வந்து, வெள்ளிக்கிழமை மதியம் இனி என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார். எந்த வெள்ளிக்கிழமை வேண்டுமானாலும் வந்து ஓட்டுங்கள் என்று வினோதினி சொன்னாள். நான் சொல்ல நினைத்தது. அவள் முந்திக்கொண்டாள்.

மேல வீதியில் தெருவே 'ஒரு ரவுண்டு' கேட்டு நின்றது. ஒரு தடவைக்கு ஒருவர். இருட்டும் வரை ஓட்டினேன். கடைசியாக ஏறிய பூக்கடைக்காரர், "சார், ஏறிட்டேன், எறங்கறதுக்கு யாரு வருவா?" என்றார். இரண்டு பேர் வந்தார்கள்.

மே 18

ஆர்.சி. புதுப்பித்தாயிற்று. துருப்பிடித்த தரையை வெட்டி எடுத்து இளவரசு புதுத் தகடு வைத்துவிட்டான். இத்தாலிக்காரர் ஒருவரின் வீடியோக்களைப் பார்த்து கார்புரேட்டர் பழகுகிறான். "பியானோ, பியானோ" என்று ஒர்க்‌ஷாப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். மெதுவாக என்று அர்த்தமாம்.

ஜூன் 29

ஸ்ரீமுஷ்ணம் போய் வந்தோம். போகும்போது இரண்டு முறை நின்றது, வரும்போது ஒரு முறை. முன்னேற்றம்.

ஜூலை 20

மழை. கூரை பாதியில் சிக்கிக்கொண்டது. குடை அவள் கையில் இருந்தது. வலப்பக்கம் நனையவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கடலூர் போகும் வழியில் புதுச்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே வண்டி நின்றது. இளவரசுக்குப் போன் செய்தால், "பியானோ மாமா, தள்ளிப் பாருங்க," என்கிறான். வினோதினி ஸ்டியரிங்குக்கு மாறிக்கொண்டாள். இரண்டு மாதமாகப் பழகுகிறாள், தள்ளி ஸ்டார்ட் செய்வதில் என்னைவிடக் கைதேர்ந்தவள். டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். சேர்ந்து தள்ளினோம்.

மூன்றாவது தள்ளலில் டேஷ்போர்டு மேல் இருந்த என் போன் அடித்தது. வைத்திலிங்கம். எடுத்துப் பேசியது அவள்தான். பின்னாலிருந்து நான் கேட்டது இவ்வளவு:

"அவரு வண்டி தள்ளிக்கிட்டு இருக்காரு சார். என்ன சேதி, எங்கிட்ட சொல்லுங்க."

நீண்ட நேரம் கேட்டாள். "அப்படியா," என்றாள். "எந்த ஊர்ல?" என்றாள். போனை வைத்தாள்.

மூச்சு வாங்க, என்னவாம் என்று கேட்டேன்.

கண்ணாடியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "தள்ளுங்க. கெளம்புனாதான் சொல்லுவேன்."