கடலுக்கு மூன்று தெரு தள்ளி

ஏப்ரல் 28, வியாழன்

நாத்தனார் மறுபடி போன் செய்தாள். "பள்ளிக்கூடம் திறக்குறதுக்கு முன்னாடி உன் பொண்ணை என்கிட்ட அனுப்பி வை. அந்த வீட்டுல உன்னோடயே இருந்தா அவளும் உன்னை மாதிரி மரமாயிடுவா." என் வீட்டுக்காரர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. இவள் அவருடைய அக்கா.

பெண்ணைக் கேட்டேன். "போனா நல்லதுன்னுதான் எனக்கும் தோணுது" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பதினைந்து வயது. இருப்பது ஒரே பிள்ளை.

நான் எழுந்து தரை துடைக்கப் போய்விட்டேன். வேறென்ன செய்வேன்?

ஏப்ரல் 30, சனி

வேலை பார்க்கும் ஓட்டலில் எட்டு அறை சுத்தம் செய்துவிட்டுச் சமையல்கட்டு அக்காவிடம் சொன்னேன். "கெஞ்சாதே. மூணு நாள் கடலுக்குக் கூட்டிட்டுப் போ. அப்புறம் அவ முடிவு பண்ணட்டும்" என்றாள்.

"நம்ம ஓட்டல்ல ஒரு ராத்திரி தங்குற காசுல எங்கப்பா என் கல்யாணத்தையே முடிச்சாரு" என்றேன்.

"உன்னை யாரு கடலைப் பார்த்த ரூம்ல படுக்கச் சொன்னா? கண்ணை மூடினா கடல் தெரியவா போகுது? மூணு தெரு தள்ளி எடு. சனி ஞாயிறு வேண்டாம், வாரத்து நடுவுல போ. அடுப்பு இருக்குற இடமாப் பாரு."

சிரித்தேன் போலிருக்கிறது. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

மே 4, புதன்

கடலுக்குப் போகலாமா என்று பெண்ணிடம் கேட்டுவிட்டேன். "அங்கயும் துடைப்பத்தைத் தூக்கிட்டு வருவியா?" என்றாள். நக்கல். ஆனால் வருகிறாளாம்.

மே 8, ஞாயிறு

மூட்டை கட்டினேன். ஆளுக்கு ஒரு பைதான். பாட்டிலில் முக்கால் வரை தண்ணீர் ஊற்றி உறைய வைத்திருக்கிறேன். உருகும் வரை சாப்பாடு கெடாது, உருகினால் குடிக்கலாம். மணலில் விரிக்கப் பழைய போர்வை. முகப்பவுடர் டப்பா ஒன்று. காலில் ஒட்டிய மணல்மேல் தூவித் தட்டினால் உதிர்ந்துவிடும் என்று அக்கா சொன்னாள். சோப்புத் தூளும் வைத்தேன். பெண் எடுத்து வெளியே போட்டாள். மறுபடி வைத்தேன்.

மே 10, செவ்வாய்

வந்து சேர்ந்தோம். அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மூன்று நாளைக்கும் பணம் கட்டிவிட்டேன். வெயில் தாழ்ந்த பிறகு கடலுக்குப் போனோம். போர்வை பறக்காமல் நான்கு மூலையிலும் செருப்பை வைத்தேன். அவள் தனியாகத் தண்ணீரில் நின்றாள். என்னை வா என்று கூப்பிடவில்லை. வரும் வழியில் என்ன கேட்டாலும் "ம்". இந்த "ம்" எந்தக் கணக்கில் சேர்த்தி? போகிறேன் என்றா, இருக்கிறேன் என்றா?

மே 11, புதன்

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

வெயில் ஏறும் முன் குளித்து வரலாம் என்று காலையிலேயே கிளம்பினோம். அவள் செருப்பு மாட்டும் நேரத்தில் என் கை சும்மா இருக்கவில்லை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் உருவி, மூட்டையாகச் சுருட்டி வாசலில் வைத்தேன். பைகளைச் சுவரோரம் அடுக்கினேன். குப்பையைக் கொட்டினேன். சாவியை வரவேற்பு மேசைக்காரரிடம் கொடுத்தேன். ஓட்டலில் தினமும் செய்வது. யோசித்தா செய்கிறேன்?

ஈரத்துணியோடு திரும்பி வந்தால் எங்கள் கட்டிலில் யாரோ புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்து ரொட்டி தின்கிறார்கள். எங்கள் பைகள் வரவேற்பு மேசைக்கு அடியில்.

"காலி பண்ணிட்டீங்கன்னு நினைச்சோம்மா. விரிப்பை எல்லாம் உருவி வச்சீங்க, சாவியும் குடுத்தீங்க. பையை அப்புறம் வந்து எடுத்துப்பீங்கன்னு இருந்தோம். இப்ப வேற ரூம் இல்லையே" என்றார் மேசைக்காரர்.

பெண் என் பக்கம் திரும்பினாள். அத்தனை பேர் எதிரில் கத்தினாள். "அப்பா செத்த அன்னிக்கும் நீ தரையத்தான் துடைச்சே! வந்தவங்க எல்லாம் ஈரத்துல நின்னாங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீ உட்கார மாட்டியாம்மா? அத்தைக்குப் போன் போடு. இப்பவே வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு!"

எனக்கு என்ன வந்ததோ. "உட்கார்ந்தா எந்திரிக்க முடியாதுடி எனக்கு! அதான் உட்காரல!" அவ்வளவுதான் சொன்னேன். அந்த மேசை முன்னாடியே தரையில உட்கார்ந்து அழுதேன். அவர் போனதுக்கப்புறம் இதுதான் முதல் அழுகை. நிறுத்த முடியல. யாரு பார்த்தா என்ன.

பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு மேசைக்காரரைப் பார்த்தாள். "மூணு நாளைக்குக் காசு வாங்கினீங்கல்ல? எங்கம்மா படுக்க இடம் குடுங்க. அவங்க நாலு மாசமா சரியாத் தூங்கல." அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

மாடியில் விரிப்புகள் அடுக்கி வைக்கும் அறையை ஒழித்து மெத்தை போட்டுக் கொடுத்தார்கள். மெத்தையைத் தூக்கி வந்த துப்புரவுக்காரிதான் எங்கள் அறையைக் காலி என்று சொன்னவளாம். "நீங்களும் இந்த வேலைதானாக்கா? தங்க வந்தவங்க யாரு இவ்வளவு ஒழுங்கா மூட்டை கட்டுவாங்க? அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மே 12, வியாழன்

மதியம் முழுக்கத் தூங்கினேன். விழித்தபோது பெண் பக்கத்தில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் ஓடு. பார்த்தேன். விட்டுவிட்டேன்.

சாயங்காலம் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீரில் இறக்கினாள். இடுப்பு வரை. அலை வந்தால் கத்துகிறேனாம், கிண்டல் செய்தாள். அவர் குறட்டையைப் பற்றிப் பேசினோம். இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம், உப்புத் தண்ணீரில் யாருக்குத் தெரியும். அத்தை வீட்டுப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மே 14, சனி

"என்ன சொன்னா?" என்று சமையல்கட்டு அக்கா கேட்டாள். கேட்கவில்லை என்றேன். பயம்.

யாராவது கடலுக்குப் போகிறேன் என்றால் சொல்ல எனக்கும் இப்போது நாலு விஷயம் தெரியும். காலையும் சாயங்காலமும் கடல், நடுவில் தூக்கம். பெரிய திட்டம் போடாதே. பவுடர் நிஜமாகவே வேலை செய்கிறது. தங்கும் இடத்தில் விரிப்பைத் தொடாதே.

மே 21, சனி

பெண்ணைக் கூட்டிப்போக நாத்தனார் நாள் பார்த்துவிட்டாளாம். பெண் பெட்டியைத் தூசி தட்டினாள்.

மே 22, ஞாயிறு

பெட்டியில் குளிர்காலத் துணியைப் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரைக் கேட்பேன்?

ஜூன் 6, திங்கள்

வேலையிலிருந்து வந்து கொஞ்சம் படுத்தேன். போன் அடித்தது. பெண் எடுத்தாள்.

"இல்ல அத்தை, இங்கயே சேர்ந்துட்டேன். இன்னிக்குத்தான் பள்ளிக்கூடம் திறந்தாங்க... கோவமெல்லாம் இல்ல அத்தை. லீவுக்கு வரேன்... அம்மாவா? அம்மா தூங்குறாங்க. எழுப்ப மாட்டேன்."

நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தேன்.