பாண்டு வாத்தியம் நின்றதும் நின்றவளுக்கு

என் ஓட்டக்காரத் தங்கச்சிக்கு,

நேற்று நீ திரும்பத் திரும்ப போன் செய்தாயாம், உன் அண்ணி சொன்னாள். கோபித்துக்கொள்ளாதே. எழுதிப் போடு, உடனே பதில் போடுகிறேன்.

நீ ஓட்டப் பந்தயத்துக்குத் தயாரான அந்தக் கோடைதான் நினைவில் ஓடுகிறது. பகலெல்லாம் நீ துணிக்கடையில் கால்கடுக்க நிற்பாய். சாயங்காலமானால், இசை விழாவுக்காக நான் ஸ்பீக்கர் கட்டும் மைதானத்திலேயே உனக்கு ஓட்டப் பயிற்சி. "டிரம்ஸ்காரர் ஒத்திகைய முடிக்கிறதுக்குள்ள ரெண்டு சுத்து வந்துடணும்!" என்று விரட்டுவேன். அவர் நிறுத்தியதும் நீ புல்லில் தொப்பென்று விழுவாய்.

பந்தயத்தன்று அதுவே வினையானது. முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தவள், ஓரத்தில் வாசித்த பாண்டு வாத்தியம் நின்றதும் நீயும் நின்றுவிட்டாய்!

"ஓடுடி கழுதை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மூன்றாவதாக வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாய்: "அத்தனை இரைச்சல்ல உன் குரல் மட்டும்தாண்ணா கேட்டுச்சு."

வருஷக்கணக்காக ஸ்பீக்கர் பக்கத்தில் நின்ற காதுக்கு டாக்டர் ஏதோ மிஷின் மாட்டச் சொல்கிறார். கிடக்கட்டும்.

சனிக்கிழமை வரும்போது காலிங் பெல்லை அடித்துக்கொண்டு நிற்காதே. தெருமுனையிலிருந்து ஓடி வா, ஜன்னலில் உட்கார்ந்திருப்பேன். நடுவில் நின்றாயானால் பழையபடி கத்துவேன்.

அது உனக்கு மட்டும்தான் கேட்கும்.

உன்னை விரட்டிய
அண்ணன்