பன்னிரண்டாவது ஆள்

ஏப்ரல் 3

என் கண்ணாடிக்காரிக்கு,

போனில் பேசினால் மூன்றாம் நிமிடமே சண்டை வருகிறது, எதுவானாலும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டாய். வாடகை வேன் ஓட்டுகிறவனுக்குக் கடிதம் எழுத எங்கே வரும்? எழுத்துக் கோணலாக இருந்தால் சிரிக்காதே.

நீ பெண்கள் விடுதிக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. வீடு வீடாக இல்லை. விஷயத்துக்கு வருகிறேன். மலை மேலே ஏரிக்கரையில் கூடாரம் போட்டு வைத்திருக்கிறார்கள். பேருக்குத்தான் கூடாரம், உள்ளே கட்டில், மெத்தை, வெந்நீர் எல்லாம் உண்டு. திரையை விலக்கினால் ஏரி. சவாரி போனபோது பார்த்தேன். பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. மே மாதம் இரண்டு நாள் போய் இருந்துவிட்டு வருவோமா? உட்கார்ந்து பேசினால் எல்லாம் சரியாகிவிடும்.

உன் வேன்காரன்

ஏப்ரல் 9

வேன்காரருக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் லென்சு தேய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்தேன். கூட வேலை செய்கிறவள், "என்னக்கா, தனியா சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. நாம் இரண்டு பேர் மட்டும்.

கல்யாணமான மூன்றாவது வாரம் கடற்கரைக்குக் கூட்டிப்போனீர்கள். "பன்னெண்டு சீட்டு வண்டி. ரெண்டே பேரு போனா நல்லாவா இருக்கும்?" என்று உங்கள் அண்ணன் குடும்பம், தங்கை குடும்பம், கடைசியில் எதிர்வீட்டுக்காரரையும் ஏற்றினீர்கள். புதுப்பெண் நான் பின்சீட்டில் பைகளோடு வந்தேன். எனக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன அன்றுகூட வழியில் மூன்று பேரை ஏற்றினீர்கள். காலி சீட்டைக் கண்டால் உங்களுக்கு இருப்புக்கொள்ளாது. நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்கிறீர்களாம். கோபம் இல்லை. ஒன்பது வருஷத்தில் உங்களோடு ஒரு முழு நாள் தனியாக இருந்ததில்லை என்று ஒருநாள் உறைத்தது, அவ்வளவுதான்.

இது கடைசித் தடவை. இதற்குப் பிறகு நான் கேட்கமாட்டேன்.

கண்ணாடிக்காரி

ஏப்ரல் 17

என் கண்ணாடிக்காரிக்கு,

மே பதினாறாம் தேதிக்கு இரண்டு பேர் கூடாரம் சொல்லிவைத்துவிட்டேன். கரையிலிருந்து முதல் கூடாரம். மடக்கு நாற்காலி இரண்டு வாங்கினேன். டார்ச், கொசுவத்தி, மழைக்கோட்டு, உனக்குக் குளிர் ஆகாது என்று கம்பளி, எல்லாம் எடுத்துவைத்தாயிற்று. பார், எவ்வளவு பொறுப்பாகிவிட்டேன்!

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "வண்டி சும்மாதானே போகுது?" என்கிறார். அம்மாவும் ஏரியே பார்த்ததில்லை என்கிறார்கள். அவர்கள் தள்ளி வேறு கூடாரத்தில் இருப்பார்கள். நம் பக்கம் தலைகூடக் காட்டமாட்டார்கள். நீ என்ன சொல்கிறாய்?

உன் வேன்காரன்

ஏப்ரல் 22

வேன்காரருக்கு,

முடியாது.

அத்தைக்கு ஏரி காட்ட வேண்டுமென்றால் அடுத்த மாதம் கூட்டிப்போங்கள், நானே சாப்பாடு கட்டித் தருகிறேன். இது அந்தப் பயணம் இல்லை. அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கூப்பிட்டால் வருகிறவர்கள் மேல் என்ன தப்பு?

வேனை எடுக்காதீர்கள். யாரிடமாவது சின்னக் கார் வாங்கி வாருங்கள். நான் உங்களோடு வரவில்லை. பஸ் பிடித்து நேராக ஏரிக்கு வந்துவிடுகிறேன். பதினொரு மணிக்கு அங்கே இருப்பேன். நீங்கள் தனியாக வந்து இறங்குவதைப் பார்க்க எனக்கு ஆசை.

உங்களுக்காக ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். என்னவென்று அங்கே வந்து தெரிந்துகொள்ளுங்கள்.

கண்ணாடிக்காரி

ஏப்ரல் 28

என் கண்ணாடிக்காரிக்கு,

சரி, சரி, சரி. மூன்று தடவை எழுதிவிட்டேன், போதுமா? நாம் இரண்டு பேர்தான். சத்தியம். அண்ணனிடம் எப்படியாவது பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன். நீ எதையும் நினைத்துக் கவலைப்படாமல் வா. என்ன செய்கிறாய் என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது.

உன்னுடைய வேன்காரன்

மே 18

வணக்கம்.

சொன்னபடி பதினாறாம் தேதி பதினொரு மணிக்கு ஏரிக்கு வந்துவிட்டேன். கூடாரம் பார்த்துக்கொள்கிறவரிடம் உங்கள் பெயரைச் சொன்னேன். "ரெண்டு பேர் கூடாரமா? அதை மாத்தி நாலு நாளாச்சும்மா. ஒரு வேன் நிறைய ஆளுங்க வராங்க, பெரிசா மூணு போட்டிருக்கோம்" என்றார். தப்பாகச் சொல்கிறார், வேறு யாரோ என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன்.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வேன் வந்தது. முன்சீட்டிலிருந்து அண்ணி இறங்கினார்கள், பிறகு அத்தை, அண்ணன், தங்கை வீட்டுக்காரர். எதிர்வீட்டுக்காரரும் வந்திருந்தார். நீங்கள் எப்போதும் போலக் கதவோரம் நின்று விரலை நீட்டித் தலை எண்ணினீர்கள். பதினொன்று. அத்தை பாவம், ஏரியைப் பார்த்துக் கைதட்டினார்கள். எனக்குச் சொன்னதை அவர்களிடம் உங்களால் சொல்ல முடியவில்லை, அவர்களை ஏற்றியதை என்னிடமும் சொல்ல முடியவில்லை. இரண்டு பக்கமும் நல்லவராக இருக்கப் பார்த்தீர்கள்.

பிறகு என்னைத் தேடினீர்கள். தேடவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நான் இருபதடி தூரத்தில், கடையின் நிழலில்தான் இருந்தேன். நேராக என் பக்கம் பார்த்தீர்கள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. தெரியவில்லை. உங்களுக்குத் தூரத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரிகிறது என்று போன வருஷம் கடையில் சோதித்தபோதே சொன்னேன். புதுப் பவர் போட்டு, வெயிலில் வண்டி ஓட்டத் தோதாக நானே தேய்த்த கண்ணாடி அப்போது என் மடியில் இருந்தது.

எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இத்தனைக்குப் பிறகும். அப்போது கூடாரக்காரர், "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார். "இல்லீங்க, பன்னெண்டாவது ஆள் இன்னும் வரணும்" என்றீர்கள். என் மனைவி வரணும் என்று சொல்லியிருந்தால் வந்திருப்பேன். உங்கள் வண்டியில் மிச்சமிருந்த ஒரு சீட்டு நான். ஒன்பது வருஷமும் அதுதான்.

அடுத்து வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன். வழி முழுக்க அழுதேன். பக்கத்துச் சீட்டு காலியாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பார்சலில் கண்ணாடி இருக்கிறது. போட்டுக்கொண்டு ஓட்டுங்கள், வண்டியில் எப்போதும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூடவே வக்கீல் கொடுத்த தாளும் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் நாலாம் தேதி கோர்ட்டுக்கு நாம் இருவரும் போக வேண்டும். இரண்டு பேர் வந்தால் போதும் என்று வக்கீல் சொன்னார். அதற்காவது தனியாக வாருங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள்