தம்பி தோண்டிய குழி

தம்பிக்கு,

ஏழு வருடமாக உன்னோடு பேசாதவன் எழுதுகிறேன். சாம்பிராணி ஏற்றிய அறுபது ஒட்டகங்களோடு பாலைவனம் கடந்து பெத்ரா நகருக்கு வரும் வழியில் கிணறுகளெல்லாம் வற்றிக் கிடந்தன. தோல்பைகளும் காலி.

அப்போது ஒட்டகக்காரன் தைமு ஒரு பாறையைக் காட்டிக் கத்தினான்.

"அண்ணே, இது உங்க தம்பி செதுக்கின அடையாளக் கோடு! மழையே பெய்யாத இடத்துல குழி தோண்டுறான் பைத்தியக்காரன்னு திட்டினீங்களே, அதே இடம்!"

மணலை விலக்கிக் கல்மூடியைத் தூக்கினோம். உள்ளே ஒரு மண்டபம் அளவுக்குத் தண்ணீர். வருடத்துக்கு ஒருமுறை அரை நாழிகை பெய்து பாறையில் வழிந்தோடுகிற மழையை நீ பிடித்து வைத்திருந்தாய். அறுபது ஒட்டகங்கள் குடித்தும் ஒரு சாண்தான் இறங்கியது.

"இப்ப யாரு பைத்தியக்காரன்?" என்றான் தைமு.

கடைசியாகக் குடித்தவன் நான். அந்நியர் கண்டுபிடிக்காதபடி, நம் வழக்கப்படி மூடிவிட்டுக் காலடித் தடங்களை அழித்தேன். இந்த மையைக் குழைத்ததும் உன் தண்ணீரில்தான்.

உன் அண்ணன்