உன் போனில் மட்டும் அழிந்தது

மேனாம்பேடு,
புதன்கிழமை

அன்பும் கோபமும் சரிபாதியாக, நைனாவுக்கு,

உன் மகள் பவித்ரா எழுதுவது. வேலைக்குப் போன இடத்தில் ஓசூர் குளிர் ஒத்துக்கொள்கிறதா? போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று திட்டாதே. “நைனாகிட்ட நேர்லயும் சொல்லாத, போன்லயும் சொல்லாத” என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். காகிதத்தை மறந்துவிட்டாள். நான் மறப்பேனா? வேம்புலி மாமா இன்று அந்தப் பக்கம் லாரி எடுக்கிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

“உங்கம்மா ஏன் மூஞ்ச தூக்கி வச்சிகினு கீறா, நான் இன்னா பண்ணேன்?” என்று கிளம்பும்போது கேட்டாயே, பதில் இதோ. வேம்புலி மாமாவுக்கு என்று நினைத்து நீ பேசிய வாய்ஸ் மெசேஜ், சொந்தக்காரர்கள் குரூப்பில் விழுந்தது. குரூப் என்றால் கல்யாண மண்டபத்து மைக் மாதிரி நைனா. “இன்னா மாமே, இவ ஆக்கறத தின்னு நாக்கே செத்துப்போச்சு, இதுல கேட்டரிங் வேற!” பெரியம்மா முதல் எல்லோரும் கேட்டாகிவிட்டது.

நீ பதறி அழித்தாய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘டெலீட் ஃபார் மீ’ என்றால் உன் போனில் மட்டும்தான் போகும். ‘டெலீட் ஃபார் எவ்ரிஒன்’ என்றால்தான் எல்லோர் போனிலிருந்தும் போகும். நீ அமுக்கியது முதலாவது. உன் போன் அதை அழித்தது. அம்மா போன் அவளை அழவைத்தது. அப்புறமும் நிம்மதியாக வந்து “இன்னா கொழம்பு?” என்று கேட்டாய் பார், அங்கேதான் நீ நிற்கிறாய்!

அந்தக் குரூப்புக்கு அம்மாதான் அட்மின். அதாவது சாவி அவள் கையில். யார் போட்டதையும் எல்லோருக்குமாக அவள் அழிக்கலாம். அன்றைக்கே சொன்னேன். “கெடக்கட்டும்டி, மன்சுல கீறதத்தான சொல்லிகீறாரு” என்றாள்.

இப்போது உப்புப் பார்க்கக்கூடப் பக்கத்து வீட்டு ஜமீலா அக்காவைக் கூப்பிடுகிறாள். இங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் இருக்கும் கம்பெனி ஒன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. எவ்வளவு ஆசைப்பட்டாள்! சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்லப்போகிறாள். எனக்குப் புத்தகத்தில் கண் நிற்கவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

மன்னிப்பு என்று டைப் செய்யாதே. வாய்ஸ் அனுப்பவே அனுப்பாதே, எங்கே போய் விழுமோ! வெள்ளிக்கிழமைக்குள் பஸ் ஏறி வா. அம்மா போடுவதைச் சாப்பிட்டு, இன்னொரு கரண்டி கேள். நடித்தால் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் வழியில் எதுவும் சாப்பிடாமல் வா, நைனா.

வாசலையே பார்த்துக்கொண்டு,
பவித்ரா