நான்கு ஊருக்கு ஒரே மெஷின்

8-2-88, திங்கள்

காலையில் பனி, பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். கம்ப்யூட்டர் மெஷின் பெங்களூர் லாரியில் வந்து இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை பால் சங்கத்தாருக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். மறந்துவிடாமலிருக்க:

1. கரண்ட். ஸ்டெபிலைசர் மாட்டாமல் எதையும் தொடுவதில்லை.
2. மெயின் மெஷினை உள்ளுக்குள் நான்காகப் பிரிப்பது: தருமபுரி, காரிமங்கலம், கடத்தூர், பாப்பாரப்பட்டி. ஊருக்கு ஒரு டெர்மினல், அதாவது ஒரு திரையும் ஒரு கீபோர்டும். உட்காருகிறவருக்கு அது தன் ஊருக்கே உரிய தனி மெஷின் என்று தோன்ற வேண்டும்.
3. ஓர் ஊர்க் கணக்கை இன்னோர் ஊர் பார்க்க முடியாதபடி பாஸ்வேர்ட்.
4. நான் அதிகம் பேசாமலிருப்பது.
5. வந்தவர்கள் முன்னால் ஒரு டெர்மினல்கூட நிற்கக் கூடாது. ஒன்று நின்றால் எல்லாம் போயிற்று.

அவர்களுக்குப் பிடித்தால் சங்கக் கணக்கு வேலை கிடைக்கும், மெஷின் இங்கேயே தங்கும். பிடிக்காவிட்டால் அடுத்த திங்கள் அதே லாரியில் திரும்பிப் போகும். அதற்காக நூர்ஜஹான் தன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் முன்பாதியையே காலி செய்திருக்கிறார். கணவர் போன பிறகு அவர் பிழைப்பு அதுதான். பாதி மாணவிகளுக்கு இந்த வாரம் வகுப்பு இல்லை.

ஒயர் இழுத்தது அவருடைய கொழுந்தன் கரீம். எலக்ட்ரீஷியன். ஏணியில் நின்றுகொண்டே, "டைப்பு மெஷினையெல்லாம் பின்னால தள்ளிட்டு டிவி பொட்டி நாலு வெச்சிருக்கீங்க, பாபி. படம் எத்தனை மணிக்கு?" என்றார்.

"நீ எர்த்தை ஒழுங்காக் குடு. அது போதும்."

கொடுத்தார். சோதித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. நன்றி சொல்ல நினைத்து, சொல்லாமலே வந்துவிட்டேன்.

9-2, செவ்வாய்

செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று நூ. பலகை எழுதி மாட்டிவிட்டார். தூசி ஆகாது. சாக்ஸில் ஓட்டை. நாளை வேறு.

பிரிப்பது முடிந்தது. நான்கு பெயர், நான்கு பாஸ்வேர்ட். மாலையில் நான்கு மாணவிகளை உட்காரவைத்து ஒரே நேரத்தில் பால் அளவு அடிக்கச் சொன்னேன். நன்றாகவே ஓடியது. கடத்தூர்ப் பெண் ஏதோ தவறான கட்டளை கொடுத்தாள். அவள் திரை நின்றது. பின்னாலேயே மற்ற மூன்றும் நின்றன. ஒரே மெஷின்தானே, ஒருத்தி மொத்தத்தையும் இழுத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும்?

அந்தப் பெண் அழப் போனாள். தவறு உன்னுடையது இல்லை, என்னுடையது என்றேன். உண்மையும் அதுதான்.

புள்ளியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் என்று பார்த்தால் பெங்களூரில் ஒரு கோடைப் பயிற்சி, பிறகு புத்தகங்கள். நூ. கேட்டு வந்த அன்றே இதைச் சொல்லிவிட்டேன். "மத்தவங்களுக்கு அதுவும் இல்லீங்களே, சார்" என்றார். நம்பி வந்தவரை ஏமாற்றிவிடுவேனோ.

10-2, புதன்

தபாலாபீஸில் டிரங்க் கால். லைனுக்குக் காத்திருந்ததில் அரை நாள் போயிற்று. மெஷின் அனுப்பிய பெங்களூர் கம்பெனியின் இன்ஜினியர் பையன் நல்லவன். கன்னடமும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொன்னான். ஒவ்வோர் ஊருக்கும் இவ்வளவுதான் இடம், ஒரே நேரத்தில் இத்தனை வேலைதான் என்று வரம்பு கட்டலாமாம். ஆனால் ஓட்டிக் காண்பிப்பதற்கு யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை என்றான். "ஒன் அவர் ஷோ தானே, சார்."

எனக்கு மனது கேட்கவில்லை. பயந்தவன் செய்கிற வேலைதான் இது. இருந்தாலும் மாலைவரை உட்கார்ந்து நான்குக்கும் வரம்பு கட்டினேன். நூ. இரண்டு முறை டீ அனுப்பினார். இரண்டும் ஆறிப்போயின. மூன்றாவதைத் தானே கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

11-2, வியாழன்

கண் சொட்டு மருந்து வாங்க வேண்டும். பின்பக்கத்து மாமரம் பூத்திருக்கிறது, வாசனை உள்வரை.

மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. வரம்பு வேலை செய்கிறதா, அல்லது யாரும் தவறு செய்யவில்லையா? தெரியவில்லை. வேண்டுமென்றே ஒன்றை நிறுத்திப் பார்த்திருக்கலாம். தைரியம் வரவில்லை.

12-2, வெள்ளி

வாசலில் ஒரே செருப்புக் குவியல். சங்கத் தலைவர், ஊருக்கு இரண்டு மூன்று பேர். பாப்பாரப்பட்டியிலிருந்து மாதம்மாள் என்ற உறுப்பினர். அறுபது இருக்கும். எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தார்.

புது மெஷினைச் சும்மா தொடலாமா என்று தலைவர் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்திருந்தார். நான் நூ. முகத்தைப் பார்த்தேன். "வைக்கட்டும் சார், நல்லதுக்குத்தான" என்றார். மெயின் மெஷினின் காற்றுத் துவாரத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். அது தப்பியது. கீபோர்டுகள் தப்பவில்லை. தலைவருக்குத் தாராளக் கை. சந்தனமோ கரைத்த ஈரம்.

மாணவிகள் அடிக்க ஆரம்பித்துச் சிறிது நேரம் நன்றாகப் போயிற்று. பிறகு பாப்பாரப்பட்டித் திரையில் வெற்று வரிகளாக ஓடத் தொடங்கியது. சந்தனம் வழிந்து எண்டர் பட்டன் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடி ஓடி, திரை உறைந்தது.

எல்லோரும் அந்தத் திரையையே பார்த்தார்கள். லாரி கண்ணுக்குத் தெரிந்தது. நூ. சுவரோரம் முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.

மாதம்மாள்தான் கேட்டார். "ஏனுங்க சார், எங்க ஊரு நின்னுபோச்சுங்களா?"

"ஆமாங்கம்மா."

"அப்ப கடத்தூரு?"

திரும்பிப் பார்த்தேன். கடத்தூர் ஓடிக்கொண்டிருந்தது. காரிமங்கலம் ஓடிக்கொண்டிருந்தது. தருமபுரி மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"அதெல்லாம் ஓடுதுங்கம்மா."

"எங்களுது நின்னும் ஓடுதா?" என்று எழுந்துபோய், ஒவ்வொரு திரையையும் குனிந்து பார்த்தார். பிறகு தலைவரிடம் திரும்பினார். "போன வருசம் காரிமங்கலத்துக் கணக்கு சிக்கிக்கிச்சுன்னு எங்க ஊருப் பட்டுவாடாவயும் சேத்து நிறுத்துனீங்களே. மாட்டுக்குத் தீவனம் வாங்க வழியில்லாம நின்னோம். இது அப்படி நிறுத்தலயே."

காரிமங்கலத்துக்காரர், "பழசை ஏன் கிளர்றீங்க, ஆயா" என்றார்.

"நீ சும்மா இரு. உன்ற ஊருதான் நிறுத்துச்சு."

சிரிப்பு. தலைவரும் சிரித்தார். பிறகு, அந்த ஒட்டின பட்டனை அப்படியே விட்டுவைத்து, மற்ற மூன்றையும் இன்னொரு தரம் ஓட்டச் சொன்னார். ஓட்டினோம். நான் விளக்கம் சொன்னேன், நிறையவே சொன்னேன். என் பட்டியலில் நான்காவது காற்றில் போயிற்று. மாதம்மாள் விரலில் எச்சில் தொட்டுச் சந்தனத்தைத் துடைக்கப் பார்த்தார். கரீம் பதறித் தடுத்து, பட்டனைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

மெஷின் தங்குகிறது. திங்கள் முதல் நான்கு ஊர்க் கணக்கும் இங்கே.

13-2, சனி

நன்றாகத் தூங்கினேன். இன்ஜினியர் பையனுக்கு ஒரு கார்டு எழுத வேண்டும். கரீமுக்கு இன்று நேரிலேயே நன்றி சொன்னேன். "எர்த்துக்கா சார்?" என்று கேட்டார். எர்த்துக்கும்தான் என்றேன்.

நூ. பலகையில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: சந்தனம் வாசல் நிலைக்கு மட்டும்.

திங்கட்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். பட்டியலில் ஐந்தாவது தவறு. ஒன்று நின்றதால்தான் மெஷின் தங்கியது.