சீட்டில் வந்த கோல்கீப்பர்

அன்புள்ள இரஞ்சிதம்,

நீயும் மாமியும் சுகந்தானே? ஞாயிறுகளில் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு நான் போனது இங்குள்ள லிட்கம் உதைபந்து மைதானத்துக்கு, மன்னித்துவிடு. ஐம்பது கடந்தவர்களின் அணிக்கு ஆள் சேர்ப்பது என் பொறுப்பு. இருவரை நாமே விரும்பி எடுக்கலாம், மற்றவர்கள் சீட்டுக் குலுக்கலில் வருவார்கள். நான் கோலடிக்கும் சூரர் இருவரை அள்ளிக்கொண்டேன்.

“அண்ணை, கோலுக்கை ஆர் நிக்கிறது?” என்றார் அவர்களில் ஒருவரான கதிர்காமநாதன்.

“சீட்டிலை ஒருத்தன் வருவான், பொறும்.”

கோலுக்கென்று எடுத்த கடைசிச் சீட்டில் வந்தது என் பெயர்.

பயிற்சியில் பாய்ந்து பாய்ந்து விழுந்தேன். நோவுக்குப் பூசும் எண்ணெய் அனுப்பு. சின்னப் போத்தல் போதும். முதுகில் என் கை எட்டும் இடம் கொஞ்சந்தான்.

நேற்று முதல் ஆட்டம். நான் ஒரு கோலும் விடவில்லை, வெற்றி எங்களுக்கே! வெளியே காரிலிருந்து அணிக்காரர் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன்
தவநேசன்

பி.கு.: எதிரணி வரவில்லை.